பேசாமல் உட்காரச் சொல்லிக்கொடுத்த வருடங்கள்

கீரனூரில் நான் குடியிருக்கும் வீட்டின் அடுத்த போர்ஷனில் சரசு இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். நான் குடிவந்த வாரமே, எந்தப் பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆனேன் என்று விசாரித்தாள். பள்ளிக்கூடம் இல்லை, அன்னவாசல் போகிற பாதையில் ஒரு கிறிஸ்தவப் பயிலகம் என்றேன். அங்கே என்ன பாடம் எடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. கண்ணை மூடி, பேசாமல் உட்கார்ந்து செபிப்பதற்குச் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதுக்குமா டீச்சர் வைப்பாங்க?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை. வேலையில் இருந்தவரை யாருக்கும் இதை விளக்க வேண்டியிருந்ததில்லை. சுற்றி இருந்த எல்லோரும் அதே காரியத்துக்காக வந்தவர்கள். வெளியே வந்து ஒற்றை அறையில் உட்கார்ந்த பிறகுதான், வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்பது தெரிந்தது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் ஆவூர்க்காரி. ஆசிரியப் பயிற்சி முடித்து, நடுநிலைப் பள்ளியில் சில வருடம் வேலை பார்த்தேன். ஒரு கோடை விடுமுறையில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து சிலர் அந்தப் பயிலகத்துக்கு மௌனத் தியானத்துக்குப் போனார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். கடைசி நாள் காலையில், சிற்றாலயத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, யாரோ மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான். அதற்காகவே மறு வருடமும் போனேன். பிறகு பள்ளி வேலையை விட்டுவிட்டு, அங்கேயே பயின்று, அங்கேயே சொல்லிக்கொடுப்பவளாகத் தங்கிவிட்டேன். கன்னியர் மடத்தில் சேரவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இரண்டையும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டுமே என்னைக் கேட்காமல் கடந்து போய்விட்டன.

பயிலகத்தைச் சுற்றிப் பாறையும் தைலமரமும்தான். கிழக்கே ஒரு கல்குவாரி. மத்தியானமானால் வெடி வைப்பார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும், மயில்கள் ஒருசேரக் கத்தும். மௌனத்துக்கென்று ஒரு வீட்டைக் குவாரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து யார் கட்டினார்கள் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். வீடுதான் முதலில் வந்தது.

வருபவர்கள் பலவிதம். கன்னியர்கள், குருமாணவர்கள், ரிட்டயர் ஆன ஆசிரியர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி என்ன செய்வதென்று தெரியாதவர்கள், சில இந்துக் குடும்பத்துப் பெண்கள்கூட. சில மாதங்கள் கூடவே தங்கிப் பயில்வார்கள். முதல் பாடம் உட்காருவது. பாயை விரித்து, முழங்காலுக்குக் கீழே சின்னப் பலகையை வைத்து, முதுகை நிமிர்த்தி உட்காரப் பழக வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்கு நாற்காலி. அதற்கே ஒரு வாரம் ஓடிவிடும். பிறகு மூச்சைக் கவனிப்பது. அதன் பிறகுதான் சொல். நற்செய்தியிலிருந்து ஒரே ஒரு சொல்லை ஒவ்வொருவரும் தேர்ந்துகொள்ள வேண்டும். அதை முணுமுணுக்கக் கூடாது, அதன் அர்த்தத்தை யோசிக்கவும் கூடாது. உள்ளுக்குள் யாரோ சொல்லிக் கேட்பதுபோல வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். மனம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடும், மகள் கல்யாணத்துக்குப் போய்விடும். போனது தெரிந்தவுடன் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். தன்னைத்தானே திட்டிக்கொள்ளாமல் திரும்ப வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்துக்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். நம் ஆட்கள் தங்களைத் திட்டிக்கொள்ளாமல் எதையும் செய்து பழகியவர்கள் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராக வந்து என்னைப் பார்ப்பார்கள். அந்த அறையில் இரண்டு நாற்காலிகள். நேருக்கு நேர் போடுவதில்லை. கொஞ்சம் சாய்த்துப் போட்டிருப்போம். வருகிறவர் நினைத்தால் என்னைப் பார்க்கலாம், இல்லையென்றால் ஜன்னலைப் பார்க்கலாம். என்ன நடந்தது என்று மட்டும் நான் கேட்கலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. ஆறுதல் சொல்ல அவசரப்படக் கூடாது. எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று மறந்தும் சொல்லக் கூடாது. அழுதால் தொடக் கூடாது. தொட்டால் அழுகை நின்றுவிடும், அது நிற்க வேண்டிய இடம் அதுவாக இருக்காது என்பார் சூசை சாமி.

அவர்தான் எங்கள் இயக்குநர், குருவானவர். குள்ளமான மனிதர். ஒரு காது கேட்காது. அதனால் யாராவது பேசினால் தலையைத் திருப்பி நல்ல காதைக் கொடுத்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வார். அவர் கேட்டாரா இல்லையா என்று புதியவர்களுக்குச் சந்தேகம் வந்து, சொன்னதையே உரக்கச் சொல்வார்கள். "கேட்டுச்சுங்க, யோசிக்கிறேன்" என்பார். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. பயிற்சிக் காலத்தில் நான் பயில வருபவர்களோடு பேசியதை அவரிடம் அப்படியே ஒப்பிக்க வேண்டும். ஒரு நாள், ஒரு பெண் தன் மாமியார் வீட்டை விட்டு வந்ததைச் சொன்னபோது, அப்புறம் உங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டதாக ஒப்பித்தேன். சாமி ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத யாருக்காகக் கேட்டீங்க டீச்சர்?" என்றார்.

எனக்காகத்தான் கேட்டிருந்தேன். கதை கேட்கும் ஆசை. அந்த ஒரு கேள்விதான் எனக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சி என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பிறகு வாயைத் திறக்கும் முன்னால் அது எனக்குள் கேட்கும்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் தியானத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்த யாரோ, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வரவேயில்லை. தினமும் எல்லோரையும் போல விடியலில் போய் உட்கார்வேன். சொல்லுக்குத் திரும்புவேன். ஒன்றும் இருக்காது. இருட்டுகூட இல்லை, வெறும் காலை நேரம், முழங்கால் வலி, விசிறிச் சத்தம். என்னிடம் பயின்றவர்கள் மத்தியானம் வந்து, நெஞ்சு நிறைந்தது, கண்ணீர் வந்தது, இயேசு கையைப் பிடித்தார் என்பார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை. முகம் கழுவி விட்டதுபோல இருக்கும். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் எழுந்துபோன பிறகு அடுத்த ஆள் வரும்வரை அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில வருடங்கள் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைச் செபம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சாமியின் அறை வராந்தாவில் நின்று சொல்லிவிட்டேன். வழக்கம்போல யோசித்தார்.

"நிறுத்திக்கிறலாம்னு தோணுதா?"

"இல்ல சாமி. உக்காராம இருக்க முடியல. ஆனா ஆளில்லாத வீட்டக் காட்டி, உள்ள இருக்காரு போங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"நீங்க அப்படிச் சொல்றதில்லையே. உக்காருங்கன்னுதான சொல்றீங்க."

தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"இதப் பயில வர்றவங்ககிட்டச் சொல்லாதீங்க. அவங்க சொமக்க வேண்டியதில்ல. எங்கிட்டச் சொல்லுங்க. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து சொல்லுங்க."

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் நிற்பேன். இந்த வாரமும் ஒன்றும் இல்லை என்பேன். சரி என்பார். சில சமயம் அதோடு திரும்பிவிடுவேன். சில சமயம் மழையைப் பற்றியோ சமையல்காரர் லீவு போட்டதைப் பற்றியோ பேசுவோம். அவர் விளக்கம் சொன்னதில்லை, புனிதர்கள் கதை சொல்லித் தேற்றியதும் இல்லை. சரி என்று ஒருவர் கேட்டுக்கொண்டால் அடுத்த வாரம்வரை உட்கார முடிந்தது.

நான் சொல்லிக்கொடுத்தவர்களில் இன்னும் மனதை விட்டுப் போகாதவள் லூர்து. இலுப்பூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். ஒரே மகன். பிளஸ் டூ முடித்துக் காலேஜில் சேரக் காத்திருந்தவன், கூட்டாளிகளோடு பழைய குவாரிக் குட்டையில் குளிக்கப் போய் முழுகிவிட்டான். அதற்கு அடுத்த வருடம் நீண்ட லீவு போட்டுவிட்டு எங்களிடம் பயில வந்தாள். மகனைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம் அவளுடைய பங்குச் சாமியார் சொன்னது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

அவளைப்போல உட்கார்ந்தவர்கள் யாரும் இல்லை. பாயில் உட்கார்ந்தால் மணி அடிக்கும்வரை சேலைத் தலைப்புகூட அசையாது. கூடப் பயின்ற கன்னியர்கள் அவளைப் பார்த்து ஏங்குவார்கள். என்னிடம் வந்தால் தினமும் ஒரே பதில்: "அமைதியா இருந்துச்சு டீச்சர்." நானும் முதலில் நம்பினேன். ஒரு மத்தியானம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது குவாரியில் வெடி வைத்தார்கள். வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. லூர்து அசையவில்லை. இமைகூடத் துடிக்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்தது. செபத்தில் ஆழ்ந்தவர்களும் சத்தத்துக்குத் திடுக்கிடுவார்கள், திரும்பவும் அமைதிக்குப் போவார்கள். இவள் திடுக்கிடவே இல்லையென்றால் சத்தம் போய்ச் சேரும் இடத்தில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

அடுத்து முழு மௌன வாரம் வந்தது. அந்த வாரம் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள், என்னோடும் சில நிமிடம்தான். அதில் அவளைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்து அவளிடம் சொன்னேன். அதுவரை ஜன்னலையே பார்த்துப் பேசியவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எம்புள்ள செத்தப்ப ஊரே வந்து பேசுச்சு டீச்சர். பேசாத எடமாத் தேடித்தான் இங்கிட்டு வந்தேன். இங்கயும் பேசச் சொல்றீங்களா?"

பேச வேண்டாம் என்றேன். பேசவும் வேண்டாம், உட்காரவும் வேண்டாம், எங்கேயாவது போக வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், கூட வருகிறேன் என்றேன். மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"இங்க தண்ணி கெடக்குற குவாரி இருக்கா?"

அவள் மகன் போன குட்டையை அவள் பார்த்ததே இல்லை. உடலை வீட்டுக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் யாரும் அவளை அந்தப் பக்கம் போக விடவில்லை.

எங்களுக்குத் தெற்கே கைவிட்ட குவாரி ஒன்று இருந்தது. ஆழம் யாருக்கும் தெரியாது. சாமியிடம் போய் நின்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அவங்க பக்கத்துல உக்காந்திருக்கிறது நீங்க. நான் இல்ல" என்றார். "போறதும் போகாததும் நீங்கதான் சொல்லணும். போனீங்கன்னா அவங்களுக்கும் தண்ணிக்கும் நடுவுல நில்லுங்க."

அன்று இரவு முழுக்க அவர்மேல் எனக்குக் கோபம். காலைப் பூசை முடிந்ததும் லூர்தை அழைத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் நடுவில் நிற்க இடமில்லை. கல் வெட்டிய படி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதன் விளிம்பிலிருந்து செங்குத்தாகத் தண்ணீர். லூர்து நேராக விளிம்புக்குப் போய் நின்றாள். நான் பின்னால் நின்றேன். அவளைத் தொடவில்லை. பின்னால் தொங்கிய அவள் முந்தானையை மட்டும் எடுத்து என் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியாது.

பச்சைத் தண்ணீர். ஒரு நாரை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. அவள் பேச ஆரம்பித்தபோது, பள்ளிக்கூடம் விட்டு நேரம் கழித்து வந்த பிள்ளையைக் கேட்பதுபோலத்தான் இருந்தது.

"நீச்சத் தெரியாதுன்னு ஒனக்கே தெரியும்ல. அவனுக எறங்குனா நீயும் எறங்கிருவியா? நான் கரையில உக்காந்து சட்டையப் பாத்துக்கிறேன்டான்னு சொல்லத் தெரியல? அன்னைக்கிக் கருவாட்டுக் கொழம்பு வச்சிருந்தேன். மூடி வச்சு மூடி வச்சுப் பாத்தேன்."

நிறுத்தி நிறுத்தி, வெகு நேரம் அவனைத் திட்டினாள். பிறகு குரல் மாறியது. நம் செபங்களில் ஆண்டவரைக் கூப்பிடும் மரியாதையோடுதான் கேட்டாள்.

"நீரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு."

அப்போதுதான் கிழக்குக் குவாரியில் வெடி வைத்தார்கள். லூர்து உடம்பு தூக்கிவாரிப்போடத் திடுக்கிட்டாள். கால் சரளையில் வழுக்கியது. என் கையில் சேலை இறுகியது. நான் பின்னுக்குச் சாய்ந்தேன். அவள் ஒரு முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். திரும்பி என் கையைப் பார்த்தாள்.

"எப்பருந்து பிடிச்சிருக்கீங்க?"

"வந்ததுலருந்து."

பிறகுதான் அழுதாள். விதியை மறந்துவிடவில்லை, தொடாமல்தான் நின்றேன். முந்தானையை மட்டும் விடவில்லை. அழுது முடிய ரொம்ப நேரம் ஆனது. திரும்பி வந்து சாப்பிட்டு, மறுநாள் காலைவரை தூங்கினாள். சில நாட்களில், பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அவள் மறுபடி பள்ளிக்குப் போகிறாள், வீட்டுக்காரரும் ஊரோடு வந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு முறை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சதை போட்டு, நன்றாக இருந்தாள். இன்னொரு டீச்சரோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பழக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் போகாமல் வேறு பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை சாமியிடம் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

"அவங்க அந்தத் தண்ணிய மறக்கணும்னா நம்மளையும் சேத்துத்தான் டீச்சர் மறக்கணும்" என்றார். "மறக்கட்டும்."

இந்த வேலையில் அதுதான் கூலி. நன்றாகச் செய்தால் போய்விடுவார்கள், திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லேசாகப் பயின்றவர்கள்தான் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவார்கள்.

சூசை சாமிக்கு வயதாகி, திருச்சியில் முதிய குருக்கள் தங்கும் இல்லத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமை தோறும் போன் பண்ணினேன். கொஞ்ச நாளில் மற்றக் காதும் மந்தமாகி, நான் சொல்வது அவருக்கு விளங்காமல் போயிற்று. ஒன்றும் இல்லை சாமி என்று நான் கத்த, என்ன இல்லை என்று அவர் கேட்க, பக்கத்தில் யார் யாரோ இருக்க, அதை நிறுத்திக்கொண்டேன். அவருடைய அடக்கத்துக்குப் போனபோது குருக்கள் ஒரு பக்கம், கன்னியர்கள் ஒரு பக்கம், உறவினர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தூணோரம் நின்றேன். அவருடைய அண்ணன் மகளாக இருக்க வேண்டும், ஒரு பெண் காபி கொண்டுவந்து கொடுத்து, "நீங்க சாமிக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். ஒரே இடத்தில் வேலை பார்த்தோம் என்றேன். வேறு என்ன சொல்வது?

சில வருடங்களில் நானும் ஓய்வுபெற்றேன். கன்னியர்களுக்குத் தாய்மடம் இருக்கிறது, குருக்களுக்கு இல்லம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. தம்பி ஆவூருக்குக் கூப்பிட்டான். அவன் மருமகள்களுக்கு நடுவே விடியலில் பாய் விரித்து உட்கார மனம் ஒப்பவில்லை. கீரனூருக்கு வந்தேன். விடியலில் உட்கார்கிறேன். ஒன்றும் இல்லை. சொல்ல ஆளும் இல்லை.

போன மாதம் பயிலகத்தில் பழையவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது வகுப்புகள் பாதி போனிலேயே நடக்கின்றன. புது இயக்குநரும் குருவானவர்தான், இளவயது, நல்ல பிள்ளை. வீடியோவுக்காக என்னைச் சிற்றாலயத்தின் முன்னால் உட்காரவைத்தார்.

"இத்தன வருச மௌனத்துல ஆண்டவர் ஒங்ககிட்ட என்ன பேசுனாருன்னு ரெண்டு வார்த்த சொல்லுங்க டீச்சர்."

நல்ல பதில்கள் எனக்குத் தெரியும். அடுத்தவர்கள் சொல்லி எத்தனையோ கேட்டிருக்கிறேன். அதில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். கேமராவைப் பார்த்து, "எங்கிட்ட ஒண்ணும் பேசலைங்க சாமி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, மறுபடி எடுப்போம் என்றார். மறுபடியும் அதையே சொன்னேன். பயில வருகிறவர்களிடம் சொல்லாதீர்கள் என்றுதான் சூசை சாமி சொல்லியிருந்தார். இப்போது நான் யாருக்கும் டீச்சர் இல்லை. பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள். அது வீடியோவில் வராது என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸுக்குக் கிளம்பியபோது சிஸ்டர் அமலி கூடவே ரோடுவரை வந்தார். என் இடத்தில் இப்போது அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். வீடியோ எடுத்தபோது ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய, கறாரான மனுஷி, அதிகம் பேச மாட்டார். தைலமரத்து நிழலில் நின்று, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் அப்படித்தாங்க. எங்க மடத்து மதர்கிட்டகூடச் சொன்னதில்ல."

பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன்னால் என் போன் நம்பரைச் சொன்னேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சும்மாதான் இருப்பேன் என்றும் சொன்னேன். அவர் கூப்பிடுவார் என்று நம்பவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை கூப்பிடவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்துக்குப் போன் அடித்தது. ஒன்றும் இல்லைங்க என்றார். சரிங்க சிஸ்டர் என்றேன். கொஞ்சம் பொறுத்து, "ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

சாமி போன பிறகு என்னை யாரும் அதைக் கேட்டதில்லை.

"எனக்கும் இல்லைங்க" என்றேன்.

அந்தப் பக்கம் சரி என்ற சத்தம் கேட்டது. அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்து போர்ஷனில் சரசு தாளித்துக்கொண்டிருந்தாள். நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.